தகட்டுக்குள் ஒரு விமானம்

மலர்க் குழுவினர் இந்த முறை என்னிடம் கேட்டது வழக்கமான ‘மலரும் நினைவுகள்’ அல்ல. “சார், ஏதாவது சரித்திரமா எழுதிக் குடுங்க. இப்ப படிக்கிற பசங்களும் வாசிக்கணும்” என்றார்கள். சோழர் சரித்திரமும் பாண்டியர் சரித்திரமும் எழுத நம் சரித்திரத் துறை நண்பர்கள் இருக்கிறார்கள். நான் பி.எஸ்சி. பௌதிகம், 1972–75 செட். அதற்கப்புறம் முப்பது வருஷத்துக்கு மேல் சர்க்யூட் போர்டுகளோடு காலம் தள்ளியவன். ஆகவே என் கைக்கு அடக்கமான ஒரு சரித்திரத்தை எழுதுகிறேன். கைக்கு அடக்கம் என்றால் நிஜமாகவே உள்ளங்கைக்குள் அடங்கிவிடும்!

ஓய்வு பெற்ற பிறகு நான் பிடித்துக்கொண்ட பொழுதுபோக்கு, பித்தளைத் தகட்டில் விமானம் செய்வது. ஒரு சிறு உறை வரும். உள்ளே சீட்டுக்கட்டுச் சீட்டு அளவில் ஒன்றிரண்டு தகடுகள் இருக்கும். தடிமன் விசிட்டிங் கார்டு அளவுதான். அந்தத் தகட்டிலேயே இறக்கை, வால், புரொப்பெல்லர், சக்கரம், விமானியின் நாற்காலி எல்லாம் கோலம் போட்ட மாதிரி வெட்டப்பட்டிருக்கும். ஒவ்வொரு பாகமும் மயிரிழை போன்ற ஒரு காம்பினால் சட்டத்தோடு ஒட்டிக்கொண்டு நிற்கும். காம்பை வெட்டி, மடக்கி, கோத்து, பற்றவைத்தால் முழு விமானம். ஜப்பானில் ஏரோபேஸ் என்ற நிறுவனம் 1:160 அளவில் இப்படிப்பட்ட விமானங்களைச் செய்கிறது. அதாவது நிஜத்தில் 160 அடி இருப்பது இங்கே ஒரே அடி.

பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஒரே கேள்விதான் கேட்கிறார்கள்: “இவ்வளவு பொடிசா எந்த மிஷின்ல சார் வெட்டுறான்?”

மிஷினே இல்லை ஐயா! வெட்டியது வெளிச்சமும் திராவகமும். இந்தத் தகடு பிறந்தது விமானத் தொழிற்சாலையில் இல்லை, அச்சாபீஸில். அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

வெயிலில் வைத்த தகடு

பிரான்ஸ் தேசத்தில் நியெப்ஸ் என்று ஒருவர் இருந்தார் (1765–1833). புகைப்படக் கலையின் பிதாக்களில் ஒருவர் என்று நம் பாடப் புத்தகத்திலேயே உண்டு. ஒரு வகைத் தார் வெயில் பட்டால் இறுகிவிடுகிறது, வெயில் படாத இடத்தில் எண்ணெயில் கரைந்துவிடுகிறது என்பதை அவர் கவனித்தார். 1826ல் ஒரு கார்டினலின் உருவப்படம் அச்சான தாளை எடுத்து, வெளிச்சம் ஊடுருவும்படி பதப்படுத்தி, தார் பூசிய உலோகத் தகட்டின் மேல் வைத்து வெயில் காட்டினார். பிறகு லாவண்டர் எண்ணெயில் கழுவினார். கோடு இருந்த இடமெல்லாம் தார் கரைந்து உலோகம் வெளியே தெரிந்தது. அங்கே அமிலம் கடித்தது. அப்புறம் அந்தத் தகட்டில் மை தடவிப் படத்தை அச்சடித்தார்கள்.

சூட்சுமம் முழுக்க இவ்வளவுதான். வெளிச்சம் பட்ட இடம் தப்பிக்கும், படாத இடத்தைத் திராவகம் தின்னும். ஏறத்தாழ இருநூறு வருஷத்தில் பூசும் பொருள் மாறியது, திராவகம் மாறியது. தத்துவம் மாறவே இல்லை.

தாருக்குப் பதில் நல்ல பொருள் கிடைத்ததற்குக் காரணம் ஸ்காட்லாந்துக்காரரான மங்கோ பாண்டன். 1839ல், பைக்ரோமேட் உப்பு தடவிய காகிதம் வெளிச்சத்தில் மாறுவதை அவர் கண்டுபிடித்தார். இங்கிலாந்தில் ஃபாக்ஸ் டால்பாட் அதை ஜெலட்டினோடு கலந்து தகட்டில் பூசி 1852ல் ஒரு காப்புரிமை வாங்கினார், 1858ல் இன்னொன்று. அந்த இரண்டாவது முறையில் அரிப்பதற்கு அவர் பயன்படுத்தியது ஃபெரிக் குளோரைடு. எலெக்ட்ரானிக்ஸ் லேபில் போர்டு அரித்த மாணவர்களுக்கு அந்தப் பழுப்புத் தண்ணீரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. சட்டையில் பட்டால் கறை போகவே போகாதே, அதே சரக்குதான்!

பிளாக் காலம்

புகைப்படத்தில் வெள்ளைக்கும் கறுப்புக்கும் நடுவே எத்தனையோ சாம்பல் நிறங்கள் இருக்கின்றன. அச்சு மைக்கு ஒரே கறுப்புத்தான். ஜெர்மனியில் மைசன்பாக் என்பவர் 1882ல் இதற்கு வழி கண்டு காப்புரிமை பெற்றார். நெருக்கமான கோடுகள் போட்ட திரை வழியாகப் படத்தைப் பிடித்தால், சாம்பல் நிறம் பெரிய புள்ளி, சின்னப் புள்ளி என்று உடைந்துவிடும். இதுதான் ‘ஹாஃப்டோன்’.

நம் நாட்டில் இதைக் கரைத்துக் குடித்தவர் கல்கத்தாவின் உபேந்திரகிஷோர் ராய் (1863–1915). சினிமா மேதை சத்யஜித் ராயின் பாட்டனார். குழந்தைகளுக்கான கதைகள் எழுதியவர். தன் படங்கள் அச்சில் பாழாவதைப் பார்த்துப் பொறுக்காமல், இங்கிலாந்திலிருந்து கருவிகளை வரவழைத்துத் தானே ஆராய்ச்சியில் இறங்கினார். திரைக்கும் தகட்டுக்கும் நடுவே எவ்வளவு தூரம் இருக்க வேண்டும் என்பதையெல்லாம் கணக்குப் போட்டு எழுதினார். லண்டனிலிருந்து வெளிவந்த பென்ரோஸ் ஆண்டு மலர் 1897 முதல் அவர் கட்டுரைகளை வெளியிட்டது. எந்தத் தொழிற்கல்லூரியிலும் படிக்காத ஒருவர், கல்கத்தாவில் உட்கார்ந்துகொண்டு ஐரோப்பிய அச்சுக்காரர்களுக்குப் பாடம் எடுத்திருக்கிறார்.

நம் கதைக்கு வருவோம். 1974ல் கல்லூரி மலர் வேலை எங்கள் தலையில் விழுந்தது. அப்போது கம்ப்யூட்டர் ஏது, ஆஃப்செட் ஏது? எழுத்தெல்லாம் ஈய அச்சு. படம் வேண்டுமென்றால் ‘பிளாக்’ எடுக்க வேண்டும். அதற்கும் அங்குலக் கணக்கில் காசு. முதல்வர் படம் பெரிதாக, விளையாட்டு அணி நடுத்தரமாக, மற்றவர்கள் தபால்தலை அளவில் என்று பட்ஜெட் பார்த்துத்தான் முகங்கள் சின்னதாயின!

திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் ஒரு சந்தில் பிளாக் செய்யும் அண்ணாச்சி ஒருவர் இருந்தார். நாங்கள் மூன்று பேர் சைக்கிளில் போவோம். “தம்பி, உள்ளே வராதீங்க, நெடி அடிக்கும்” என்பார். வாசலில் நின்றே எல்லாவற்றையும் பார்த்தோம். துத்தநாகத் தகட்டில் முட்டை வெள்ளைக்கருவும் பைக்ரோமேட்டும் கலந்து பூசி, நெகட்டிவை மேலே வைத்து வெளிச்சம் காட்டுவார். தண்ணீரில் கழுவினால் வெளிச்சம் படாத இடம் கரைந்து போகும். பிறகு நைட்ரிக் ஆசிட் தொட்டி. தொட்டியை ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். தாலாட்டுகிற மாதிரிதான்.

ஆனால் திராவகத்துக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. கீழ்நோக்கி மட்டும் கடிக்காது, பக்கவாட்டிலும் கடிக்கும். விட்டால் கோட்டின் அடியைக் குடைந்துவிடும், மெல்லிய கோடு சரிந்துவிடும். அதற்காக அண்ணாச்சி நடுநடுவே தகட்டை வெளியே எடுத்து, ஒரு சிவப்புப் பிசின் தூளைப் பிரஷ்ஷால் நான்கு திசையிலிருந்தும் கோடுகளின் ஓரத்தில் ஒதுக்கி, சூடு காட்டி உருக்கி, மறுபடி ஆசிட்டில் போடுவார். ஆங்கிலத்தில் அந்தத் தூளுக்கு ‘டிராகன்ஸ் பிளட்’ என்று பெயர். எத்தனை நிமிஷம், எத்தனை தடவை? கடிகாரம் பார்த்து நான் கண்டதில்லை. தகட்டில் எழும் குமிழைப் பார்ப்பார், விரல் நகத்தால் ஓரத்தைத் தடவுவார், “போதும்” என்பார். அவ்வளவுதான்.

அந்த விரல்கள் எப்போதும் மஞ்சள் பாரித்துக் கிடக்கும். பேச்சுக்கு நடுவே இருமல் வந்துகொண்டே இருக்கும். ஆசிட் புகை சும்மா விடுமா?

பிறகு ஆஃப்செட் வந்தது, அப்புறம் டி.டி.பி. வந்தது. ஈய எழுத்தும் பிளாக்கும் ஒன்றாகவே மறைந்தன. 1990களின் நடுவில் நான் அந்தச் சந்துக்குப் போனபோது அந்த இடத்தில் எஸ்.டி.டி. பூத் இருந்தது. அண்ணாச்சி காலமாகி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அவருடைய தொழில் அவரோடு முடிந்துவிட்டது என்றுதான் பூத்தில் இருந்த பையன் சொன்னான்.

தொழில் முடிந்தது நிஜம். ஆனால் வித்தை முடியவில்லை. அது ஏற்கெனவே வேறு வீட்டுக்குக் குடிபோய்விட்டது.

அச்சிலிருந்து ரேடியோவுக்கு

வியன்னாவில் பிறந்த பால் ஐஸ்லர் (1907–1992) என்ஜினீயரிங் படித்தவர், யூதர். தன் ஊரில் அச்சுத் துறையிலும் வேலை பார்த்திருந்தார். 1936ல் இங்கிலாந்துக்கு வந்தார். அந்தக் காலத்து ரேடியோப் பெட்டியைத் திறந்தால் உள்ளே கம்பிகள் நூல்கண்டு சிக்கியது போல இருக்கும். ஒவ்வொன்றையும் கையால்தான் பற்றவைக்க வேண்டும். ஐஸ்லர் யோசித்தார்: ‘கம்பியை ஏன் இழுக்க வேண்டும்? அச்சடித்துவிட்டால் என்ன?’ தாமிரத் தகடு ஒட்டிய அட்டையில் கம்பிப் பாதையை அச்சடித்து மிச்சத்தை அரித்தெடுத்தார். 1943ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். ‘பிரிண்டட் சர்க்யூட்’ என்ற பெயரிலேயே அச்சாபீஸ் இருக்கிறது, பாருங்கள். என் சோறு அதில்தான் வெந்தது.

1950ல் அமெரிக்காவில் ஆர்.சி.ஏ. நிறுவனம் கலர் டி.வி. குழாயைக் காட்டியது. அதன் உள்ளே ‘ஷேடோ மாஸ்க்’ என்ற மெல்லிய தகடு, அதில் லட்சக்கணக்கில் துளைகள். எந்தத் துளைக்கருவி அதைப் போடும்? அதுவும் ஒளியும் அரிப்பும்தான். 1982 ஏஷியாட் சமயத்தில் ஊர் முழுக்கக் கலர் டி.வி. முன்னால் கூடினோமே, நாம் பார்த்த ஒவ்வொரு நிறமும் அரித்தெடுத்த துளை வழியாக வந்ததுதான்.

1950களின் கடைசியில் இதே முறை டிரான்சிஸ்டருக்கும் சிலிக்கான் சில்லுக்கும் போனது. இன்றைய மாணவர் பையிலிருக்கும் செல்போனின் சில்லும் இந்த வம்சம்தான். அங்கே அரிப்பதற்குத் திராவகத்தோடு மின்னூட்டம் ஏறிய வாயுவும் வந்துவிட்டது. ஆனால் பூசு, வெளிச்சம் காட்டு, கழுவு, அரி என்ற வரிசை அப்படியே இருக்கிறது.

மாதிரி விமானத்துக்கு வந்த வழி

மாதிரி விமானத்துக்கும் தனிச் சரித்திரம் உண்டு. 1930களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் ‘ஸ்கைபேர்ட்ஸ்’ என்ற மரமாதிரிகள் 1:72 அளவில் வந்தன. ஆறு அடிக்கு ஓர் அங்குலம் என்று கணக்கு. 1936ல் ‘ஃபிராக்’ நிறுவனத்தார் ‘பென்குவின்’ என்ற பெயரில் பிளாஸ்டிக்கில் கொண்டுவந்தார்கள். பேர்ல் ஹார்பர் தாக்குதலுக்குப் பிறகு, 1942ல், அமெரிக்கக் கடற்படை பள்ளி மாணவர்களிடம் ஐந்து லட்சம் மாதிரி விமானங்கள் செய்து தரச் சொன்னது. அளவு அதே 1:72. வானத்தில் தெரிவது நம்முடையதா எதிரியுடையதா என்று நிழலுருவத்தை வைத்தே கண்டுபிடிக்கச் சிப்பாய்களுக்குப் பயிற்சி கொடுப்பதற்காக. பிள்ளைகள் வகுப்பறையில் மரத்தை இழைத்துக் கறுப்புச் சாயம் அடித்துக் கொடுத்தார்கள். அந்த மாதிரிகள் விளையாட்டுச் சாமான் அல்ல. ஓர் இறக்கை நுனி தவறாக இருந்தால் ஓர் உயிர் போகும்.

1953ல் ஏர்ஃபிக்ஸ் நிறுவனத்தின் ஸ்பிட்ஃபயர் வந்தபின் பிளாஸ்டிக் மாதிரி வீட்டுக்கு வீடு நுழைந்தது. ஆனால் பிளாஸ்டிக்குக்கு ஒரு குறை. அச்சில் ஊற்றுவதால் ஓரளவுக்குக் கீழே மெலிதாக வராது. 1:72 மாதிரியில் ஒரு மில்லிமீட்டர் தடிமன் என்றால் நிஜ விமானத்தில் 72 மில்லிமீட்டர். நிஜ விமானத்தின் அலுமினியத் தோலோ ஒரு மில்லிமீட்டர் அளவுதான்! விமானியின் இடுப்புப் பட்டை ஐந்து சென்டிமீட்டர் என்றால், மாதிரியில் அது 0.7 மில்லிமீட்டர். அதைப் பிளாஸ்டிக்கில் எப்படி வார்ப்பது?

அங்கேதான் நம் பழைய பிளாக் தொழில் மறுபிறவி எடுத்தது. ரேடியோ போர்டு அரித்தவர்களின் தொட்டியிலேயே பித்தளைத் தகட்டையும் அரித்து, ரயில் மாதிரிகளுக்கும் பிறகு விமானங்களுக்கும் நுணுக்கமான பாகங்கள் செய்யத் தொடங்கினார்கள். 1989ல் அன்றைய செக்கோஸ்லோவாகியாவில் மோஸ்ட் என்ற ஊரில் தொடங்கிய எடுவார்ட் நிறுவனம் இதில் பெரிய பேர் வாங்கியது. முதலில் பிளாஸ்டிக் விமானத்துக்கு நகையாக வந்த தகடு, பிறகு தானே முழு விமானம் ஆகிவிட்டது.

கோக்கும் விதம்

இந்தத் தகட்டைக் கையில் எடுத்துப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் அண்ணாச்சியின் தொட்டி தெரியும். அச்சு பிளாக் என்பது பாதி ஆழம் அரித்த தகடு. மாதிரி விமானத் தகட்டில் பாகத்தின் விளிம்பை இரண்டு பக்கமும் அரித்து ஊடுருவச் செய்கிறார்கள். மடிப்பு வரவேண்டிய இடத்தில் ஒரு பக்கம் மட்டும், பாதி ஆழத்துக்கு அரிக்கிறார்கள். அந்தப் பள்ளம் உள்பக்கம் வரும்படி மடக்கினால் நேர்கோட்டில் மடியும். பக்கவாட்டுக் கடியும் போகவில்லை. அதனால்தான் தகட்டின் தடிமனைவிடச் சிறிய துளை போடுவது கஷ்டம். வரைபடம் போடுகிறவர் அந்தக் கடிக்கு இடம்விட்டே கோடு போடுகிறார்.

கருவிகள் ரொம்ப வேண்டாம். தட்டார் வைத்திருக்கிற மாதிரி நுனி கூர்மையான சாமணம், ஒரு மூக்குக் குறடு, சிறு கத்தரி, பொடி அரம், நல்ல வெளிச்சம். காம்பைப் பாகத்துக்கு ஒட்டி வெட்டி, அரத்தால் ஒரே திசையில் தேய்க்க வேண்டும். இறக்கைக்கு வளைவு வேண்டுமென்றால் ரப்பர் பாய் மேல் வைத்து ஒரு பேனாத் தண்டை உருட்டினால் போதும். தகடு முறுக்காக இருந்தால் சுடரில் லேசாகக் காட்டி ஆறவிட்டால் இளகும். மடிப்பை மட்டும் முன்னும் பின்னும் ஆட்டக்கூடாது. ஆட்ட ஆட்ட உலோகம் இறுகி முறிந்துவிடும், பௌதிகத்தில் படித்ததுதான். மேஜைக்குக் கீழே ஒரு வெள்ளை வேட்டியை விரித்துக்கொள்வது என் சொந்த யோசனை. தெறிக்கிற சக்கரம் வேறெங்கே போய் விழும்?

ஏழே முக்கால் சென்டிமீட்டர் சரித்திரம்

நான் கோத்ததில் என் மனசுக்குப் பிடித்தது ரைட் சகோதரர்களின் விமானம். நிஜத்தில் இறக்கை நீளம் 12.3 மீட்டர். 1:160 கணக்கில் ஏழே முக்கால் சென்டிமீட்டர்கூட வராது. வால் முன்னால், விமானி குப்புறப் படுக்கை, சக்கரமே கிடையாது. 1903 டிசம்பர் 17ல் அது முதல் தடவை பறந்தது 12 விநாடி, 120 அடி. அதே கணக்கில் மேஜை மேல் அளந்தால் 23 சென்டிமீட்டர். உலகத்தை மாற்றிய பயணம் பள்ளிக்கூட ஸ்கேல் ஒன்றுக்குள் முடிந்துவிடுகிறது!

இன்னொரு விஷயம் சொன்னால் ஆச்சரியப்படுவீர்கள். ரைட் சகோதரர்கள் சைக்கிள் கடை வைத்திருந்தது எல்லோருக்கும் தெரியும். அதற்கு முன்னால் அவர்கள் அச்சுக்காரர்கள்! 1889ல் டேட்டன் நகரில் சொந்தமாக அச்சு இயந்திரம் கட்டி, ‘வெஸ்ட் சைட் நியூஸ்’ என்ற உள்ளூர்ப் பத்திரிகை நடத்தினார்கள். ஆர்விலின் பள்ளித்தோழர் பால் லாரன்ஸ் டன்பார் பிற்காலத்தில் புகழ்பெற்ற கறுப்பினக் கவிஞர். அவர் 1890ல் ‘டேட்டன் டாட்லர்’ என்ற பத்திரிகை தொடங்கியபோது அச்சடித்துக் கொடுத்தவர்கள் இவர்களே. பள்ளித்தோழன் கேட்டால் மறுப்பார்களா? பழைய மாணவர் சங்க மலரில் இதைச் சொல்லாமல் எங்கே சொல்வது?

1901ல் அவர்கள் ஆறடி நீளக் காற்றுச் சுரங்கப் பெட்டி ஒன்றைச் செய்தார்கள். அதற்குள் வைத்துச் சோதிக்க, மெல்லிய இரும்புத் தகட்டைக் கத்தரித்து, சுத்தியால் தட்டி வளைத்து, சில அங்குல அளவில் இருநூறு குட்டி இறக்கைகள் வரை செய்தார்கள். காற்றின் விசையை அளக்கும் தராசைப் பழைய ரம்பத் துண்டும் சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பியும் கொண்டு கட்டினார்கள். அதில் கிடைத்த கணக்கை வைத்தே 1903 விமானத்தின் இறக்கையை வடிவமைத்தார்கள். என்ஜினை அவர்கள் கடை மெக்கானிக் சார்லி டெய்லர் ஆறே வாரத்தில் கையால் செய்து கொடுத்தார்.

ஆக, நிஜ விமானத்துக்கு முன்னாலேயே உள்ளங்கைத் தகடு பிறந்துவிட்டது. அதைச் செய்தது அச்சாபீஸில் பழகிய கைகள்.

தம்பி தங்கைகளுக்கு

‘இந்தத் தொழில் செத்துப்போச்சு, அந்தப் படிப்புக்கு மதிப்பில்லை’ என்று இன்றைக்கு அடிக்கடி காதில் விழுகிறது. நாளைக்கு நீங்கள் படிக்கிற பாடத்தையே அப்படிச் சொல்வார்கள். என் அனுபவத்தில் தொழில் சாகும், அதனுள் இருக்கும் சூட்சுமம் சாகாது. ஆனால் ஒரு நிபந்தனை. ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு அது போய்ச்சேர வேண்டும். நியெப்ஸிடமிருந்து டால்பாட்டுக்கும், அச்சுத் தொழிலிலிருந்து ஐஸ்லருக்கும் போய்ச்சேர்ந்தது. திருநெல்வேலி அண்ணாச்சியின் நகத்தில் இருந்த கணக்கு யாருக்கும் போகவில்லை. அவர் எழுதி வைக்கவில்லை; எழுதச் சொல்லி யாரும் கேட்கவுமில்லை.

ஆகவே ஒரு வேண்டுகோள். லேபில் போர்டு அரிக்கிற அதே தொட்டியில், தக்க ஆசிரியர் துணையோடு, கையுறையும் கண்ணாடியும் போட்டு, ஒரு சின்னத் தாமிரத் தகட்டில் கல்லூரி முத்திரையை அரித்துப் பாருங்கள். எந்தப் புத்தகமும் சொல்லாததை அந்தத் தகட்டின் ஓரம் சொல்லும்.

பழைய மாணவர்களுக்கும் ஒன்று. அந்தக் காலத்து மலர்களின் பிளாக்குகள் பெரும்பாலும் துத்தநாக விலைக்கு எடைக்குப் போய்விட்டன. ஆனாலும் யார் வீட்டுப் பரணிலாவது, மரக்கட்டையில் ஆணி அடித்த ஒன்றிரண்டு தகடுகள் கிடக்கலாம். தேடிப் பாருங்கள், கிடைத்தால் சங்கக் கூட்டத்துக்கு எடுத்து வாருங்கள். மை தடவி ஒரு தாளை வைத்து அழுத்தினால், ஐம்பது வருஷத்துக்கு முந்தைய முகங்கள் தபால்தலை அளவில் இப்போதும் எழுந்து வரும்.